விரல் நுனியில் வீடு: சுவர்ச் சுவிட்சா, தொடுதிரையா?

புதிதாக வீடு கட்டுவோரை இன்று ஒரு புதுக் கேள்வி எதிர்கொள்கிறது. சுவருக்குப் பூச்சு வேலை நடக்கும் முன்பே அதற்கு விடை சொல்லியாக வேண்டும். விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனம், தண்ணீர் மோட்டார், வாயிற்கதவுப் பூட்டு ஆகியவற்றை இயக்க, வழக்கம்போல் சுவருக்குள் கம்பி இழுத்துச் சுவிட்சு வைப்பதா? அல்லது கூடத்தில் ஒரு தொடுதிரையை மாட்டி எல்லாவற்றையும் அங்கிருந்தே ஆள்வதா? கடைக்காரர் திரையைக் காட்டுகிறார். எலெக்ட்ரீஷியன் பழைய முறையே போதும் என்கிறார். வீட்டுக்காரர் குழம்புகிறார்.

கேள்வி புதிது, ஆனால் இதன் பின்னால் 140 ஆண்டு வரலாறு இருக்கிறது. சுவிட்சு எப்படிப் பிறந்தது, தொடுதிரை எதற்காகப் பிறந்தது என்பதை அறிந்தவர்க்கு விடை காண்பது கடினமன்று. ஆகவே கடைக்குப் போகுமுன் வாசகர்கள் சற்றே வரலாற்றுக்குள் வந்து செல்லுமாறு அழைக்கிறேன்.

ஓர் ஆசிரியரின் மணி

வீட்டுச் சாதனங்களைச் சுவரிலிருந்து கம்பி வழியே கட்டுப்படுத்தும் எண்ணம் விளக்கிலிருந்து தொடங்கவில்லை, குளிரிலிருந்து தொடங்கியது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வொயிட்வாட்டர் என்னும் ஊரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று இருந்தது. அங்குப் பணியாற்றிய வாரன் ஜான்சன் என்பார் வகுப்பு நடத்தும்போது கட்டடப் பணியாளர் அடிக்கடி உள்ளே வருவார். அறையின் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு, கீழ்த்தளத்துக்குச் சென்று, சூடான காற்று வரும் வழியைத் திறப்பார் அல்லது மூடுவார். பாடம் தடைப்படும், அறையும் ஒரு சீராக இராது.

ஜான்சன் இதற்கு மின்சாரத்தால் வழி கண்டார். அறைச் சுவரில் பொருத்திய வெப்ப உணர்கருவி, வெப்பநிலை குறித்த அளவை எட்டியதும் ஒரு மின்சுற்றை மூடும். கீழே மணி ஒலிக்கும். பணியாளர் அங்கிருந்தபடியே வேண்டியதைச் செய்வார். 1883-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1885-இல் ஜான்சன் மில்வாக்கி நகரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சுவரில் இருந்த கருவி தானே வெப்பக் குழாயைத் திறக்கவில்லை. செய்தியை மட்டுமே அனுப்பியது. செய்தி செல்லும் கம்பி வேறு, ஆற்றல் செல்லும் வழி வேறு. இன்றைய தானியங்கி வீடுகள் அனைத்திற்கும் அடிப்படையான இந்தப் பாகுபாடு அப்போதே தோன்றிவிட்டது.

தீப்பொறியை வென்ற சுருள்வில்

அடுத்து விளக்குச் சுவிட்சுக்கு வருவோம். இரண்டு உலோகத் துண்டுகளைச் சேர்த்தால் மின்னோட்டம் பாயும், பிரித்தால் நிற்கும். இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். சேர்ப்பது எளிது, பிரிப்பதுதான் கடினம்.

மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும்போது இரு உலோகங்களையும் மெதுவாகப் பிரித்தால், இடையில் உள்ள சிறு இடைவெளியில் காற்று அயனியாகி மின்னோட்டத்தைக் கடத்தத் தொடங்கும். இதை மின்வில் என்பர். பற்றவைப்புத் தொழிலில் இரும்பை உருக்குவது இதே மின்வில்தான். தொடக்கக் காலச் சுவிட்சுகளைப் பொறுமையாகத் திருப்பியவர்கள் இந்த மின்வில்லைத் தாமே வளர்த்தார்கள். தொடுமுனைகள் கருகின, மரப்பலகைகளில் தீப்பற்றும் அபாயமும் இருந்தது.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஹோம்சு 1884-இல் இதற்குத் தீர்வு கண்டார். சுவிட்சுக்குள் ஒரு சுருள்வில்லை வைத்தார். கை எவ்வளவு மெதுவாக அசைந்தாலும், சுருள்வில் ஓர் எல்லை வரை ஆற்றலைச் சேர்த்துவைத்து, எல்லையைக் கடந்ததும் ஒரே வீச்சில் தொடுமுனைகளைப் பிரித்துவிடும். மின்வில் வளர நேரமே இராது. தொடுமுனை பிரியும் வேகம் கையின் வேகத்தைச் சார்ந்திருக்கக் கூடாது என்பதே இதன் சாரம். இன்று நம் வீட்டுச் சுவிட்சை அழுத்தும்போது கேட்கும் ‘டக்’ என்ற ஓசை இந்தச் சுருள்வில்லின் ஓசையே.

ஹோம்சு காலத்தில் வீடுகளுக்கு வந்தது பெரும்பாலும் நேர்திசை மின்னோட்டம். நாம் இன்று பயன்படுத்தும் 50 ஹெர்ட்சு மாறுதிசை மின்னோட்டம் ஒவ்வொரு வினாடியும் 100 தடவை சுழியைத் தொடுகிறது; ஆதலின் மின்வில் தானே அணைய வாய்ப்புண்டு. சூரிய ஒளித் தகடுகளிலிருந்து வரும் நேர்திசை மின்சாரத்துக்குச் சாதாரணச் சுவிட்சைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுவே.

அந்த ‘டக்’ ஓசைக்கு இன்னொரு பயனும் உண்டு. அது வேலை முடிந்துவிட்டது என்று காதுக்குச் சொல்கிறது. சுவிட்சு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதை விரல் அறிகிறது. விளக்கு எரிவதைக் கண் காண்கிறது. ஒரு சிறு செயலுக்கு மூன்று புலன்கள் சாட்சி. இதைப் பின்னர் நினைவுகூர்வோம்.

வெப்பமாக வீணாகும் மின்சாரம்

விளக்கை எரிப்பது, அணைப்பது என்ற இரண்டுக்கும் இடையில், ஒளியைக் குறைத்தும் கூட்டியும் பார்க்க மனிதன் விரும்பினான். இதற்கு முதலில் கையாண்ட வழி, விளக்குடன் தொடராக ஒரு மின்தடையைச் சேர்ப்பது. நம் வீடுகளில் பல ஆண்டுகள் இருந்த, பெட்டி போன்ற பழைய விசிறி ரெகுலேட்டரும் இதே வகைதான். அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் அதன் சூட்டை அறிவார்கள்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 230 வோல்ட்டில் எரியும் 100 வாட்டு இழை விளக்கின் மின்தடை ஏறத்தாழ 529 ஓம். அதே அளவு மின்தடையைத் தொடராகச் சேர்த்தால், விளக்கின் மின்தடை மாறவில்லை என்று கொண்டால், மின்னோட்டம் பாதியாகிறது. விளக்கு எடுப்பது 25 வாட்டு. ரெகுலேட்டர் எடுப்பதும் 25 வாட்டு. அதாவது செலவாகும் மின்சாரத்தில் சரிபாதி சுவரைச் சூடாக்கவே போகிறது.

இந்த நிலையை மாற்றியது குறைகடத்தி. 1957-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் தைரிஸ்டர் என்னும் குறைகடத்திச் சாதனத்தை வெளியிட்டது. ஜோயல் ஸ்பைரா என்ற இயற்பியலறிஞர் அதைக் கொண்டு, சுவரில் உள்ள சாதாரணச் சுவிட்சுப் பெட்டிக்குள்ளேயே அடங்கும் ஒளிகுறைப்பானை 1959-இல் உருவாக்கினார். 1961-இல் லுட்ரான் நிறுவனத்தைத் தொடங்கினார். இது மின்னோட்டத்தைத் தடுத்து வெப்பமாக்குவதில்லை. மாறுதிசை மின்னோட்டத்தின் ஒவ்வோர் அரை அலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் விளக்குக்கு விடுகிறது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்சு மின்சாரத்தில் வினாடிக்கு 120 தடவை நடக்கும் இந்த வெட்டைக் கண் அறிவதில்லை. ஒளி குறைந்ததாக மட்டுமே காண்கிறது.

சுவர்ச் சுவிட்சுக்குள் முதன்முதலாக மின்னணுவியல் குடிபுகுந்தது இவ்வாறுதான். சுவிட்சு வெறும் கதவாக இருந்த காலம் போய், கணக்கிட்டுத் திறக்கும் கதவாக மாறியது.

அடித்தளத்தில் ஒரு கணிப்பொறி

கணிப்பொறி வீட்டை ஆண்டால் என்ன என்ற எண்ணமும் விரைவில் எழுந்தது. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனப் பொறியாளர் ஜேம்சு சதர்லாந்து, பிட்சுபர்க்கு நகரில் தம் வீட்டின் அடித்தளத்தில் 1966-இல் ‘எக்கோ-4’ என்னும் கணிப்பொறியை அமைத்தார். கழித்துவிடப்பட்ட உதிரிப் பாகங்களால் ஆன அதன் எடை ஏறத்தாழ 360 கிலோகிராம். வீட்டுக் கணக்கு, கடைப்பட்டியல், வெப்பநிலை, சாதனங்களை இயக்குதல் எனப் பல வேலைகளை அது ஏற்றது. அது விற்பனைக்கு வரவே இல்லை. வீடு முழுவதற்கும் ஒரு மூளை என்ற கனவு அப்போதே நனவாகக் கூடியது என்று காட்டியதோடு அதன் பணி முடிந்தது.

விற்பனைக்கு வந்தது வேறொரு வழி. ஸ்காட்லாந்தின் கிளென்ரோதசு நகரில் இருந்த பிகோ எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் கணக்கிடும் கருவிகளுக்கான சில்லுகளைச் செய்துவந்தது. 1975-இல் தனது பத்தாவது திட்டமாக அது எடுத்துக்கொண்டதே ‘எக்ஸ்-10’. புதுக் கம்பி எதுவும் இழுக்காமல், வீட்டில் ஏற்கெனவே உள்ள மின்கம்பியிலேயே செய்தியையும் அனுப்புவது இதன் நோக்கம். 1978-இல் இது அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது.

மின்னழுத்தம் சுழியைத் தொடும் நொடியில், 1,20,000 ஹெர்ட்சு அதிர்வெண் கொண்ட ஒரு குறுந்துடிப்பை எக்ஸ்-10 கருவி கம்பியில் ஏற்றும். துடிப்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. சுழியைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அந்நேரத்தில் கம்பியில் இரைச்சல் குறைவு என்பதே. 16 வீட்டுக் குறிகள், 16 கருவிக் குறிகள், ஆக 256 முகவரிகள். இவ்வளவும் மலிவான விலையில்.

ஆனால் இதில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது வேகம். ஒரு முகவரியும் ஒரு கட்டளையும் சென்று சேர 47 அலைகள் வேண்டும். 60 ஹெர்ட்சு மின்சாரத்தில் இது முக்கால் வினாடிக்கும் மேல். பொத்தானை அழுத்திவிட்டு முக்கால் வினாடி காத்துப் பாருங்கள். மீண்டும் அழுத்தத் தோன்றும். இரண்டாவது, கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. அதே கம்பியில் ஓடும் மற்றச் சாதனங்களின் இரைச்சலில் செய்தி அழிந்துபோகலாம். விளக்கு சில நாள் எரியும், சில நாள் எரியாது. சுவர்ச் சுவிட்சில் நூற்றுக்கு நூறு என்று நம்பிப் பழகியவர்களுக்கு, தொண்ணூற்றைந்து என்பது போதாது என்பதை எக்ஸ்-10 கற்றுக்கொடுத்தது.

இரண்டே கம்பி

இதற்கு ஐரோப்பியர் வேறு விடை கண்டனர். செய்திக்கென்றே தனிக் கம்பி இழுத்துவிடுவது என்று முடிவுசெய்தனர். 1990-இல் சீமென்சு உள்ளிட்ட நிறுவனங்கள் பிரசெல்சு நகரில் ஒரு சங்கம் அமைத்து, எல்லா நிறுவனக் கருவிகளும் ஒன்றோடொன்று பேசுவதற்கு ஒரு பொது மொழியை வகுத்தன. 1999-இல் அதுபோன்ற வேறு இரண்டு அமைப்புகளும் சேர்ந்தன. இன்று அது கே.என்.எக்ஸ். என்ற பெயரில் பன்னாட்டுத் தரமாக விளங்குகிறது.

இம்முறையில், முறுக்கிய இரண்டு மெல்லிய கம்பிகள் வீடு முழுவதும் செல்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 30 வோல்ட்டு நேர்திசை மின்னழுத்தம் மட்டுமே உண்டு. சுவரில் இருக்கும் பொத்தானுக்கு ஆற்றல் கிடைப்பதும், அதிலிருந்து செய்தி போவதும் இந்தக் கம்பியில்தான். வேகம் வினாடிக்கு 9,600 இருமக் குறிகள். ஒரு செய்திக்கு 200 குறிகள் என்று கொண்டால், அது போய்ச் சேர வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கே ஆகிறது. செய்தி கிடைத்தது என்று பதிலும் வருகிறது.

இதில் பாராட்டத்தக்க மற்றொரு கூறு, மையத்தில் தலைவன் இல்லாமை. ஒவ்வொரு பொத்தானிலும் ஒவ்வொரு விளக்கு இயக்கியிலும் ஒரு சிறு மூளை இருக்கிறது. ஒன்று பழுதானால் அது மட்டுமே நிற்கும், வீடு நிற்காது. குறையும் உண்டு: விலை அதிகம், சுவரை மூடுமுன் கம்பி இழுத்தாக வேண்டும், நிறுவப் பயிற்சி பெற்றவர் தேவை.

தொடுதிரை எதற்காகப் பிறந்தது?

இனித் தொடுதிரையின் பக்கம் திரும்புவோம். இங்கிலாந்தின் மால்வர்ன் நகரில் இருந்த அரசு ரேடார் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த இ. ஏ. ஜான்சன் 1965-இல் விரலால் தொட்டு இயக்கும் திரையைப் பற்றி எழுதினார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோருக்கு உதவுவது அவர் நோக்கம்.

இதைவிடத் தெளிவான பாடம் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் அணு ஆய்வு நிலையத்தில் கிடைக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் அங்கே 7 கிலோமீட்டர் சுற்றளவுள்ள புரோட்டான் முடுக்கி ஒன்றைக் கட்டிவந்தனர். பழைய வழக்கப்படி செய்தால், அதன் கட்டுப்பாட்டு அறையில் ஆயிரக்கணக்கான பொத்தான்களும் திருகுகளும் மானிகளும் வேண்டும். பிராங்கு பெக், பெண்ட் ஸ்டம்பே ஆகிய பொறியாளர்கள் வேறு வழியை முன்வைத்தனர். கண்ணாடியில் 16 மின்தேக்கிப் பொத்தான்கள். அவற்றின் பின்னால் திரை. திரையில் எழுத்தை மாற்றினால் அதே பொத்தான் வேறு பொத்தானாகிவிடும். 1972-இல் இதற்கான குறிப்பை ஸ்டம்பே எழுதினார். 1976-இல் முடுக்கி இயங்கத் தொடங்கியபோது தொடுதிரைகள் பணிக்கு வந்தன.

வாசகர்கள் இதை நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். பொத்தானை விடத் தொடுதிரை தொடுவதற்கு நன்றாக இருக்கிறது என்பதற்காக அது பிறக்கவில்லை. ஆயிரம் பொத்தான் வைக்க இடமில்லை என்பதற்காகப் பிறந்தது. அதன் வலிமை எண்ணிக்கையில் இருக்கிறது.

அதே காலத்தில் அமெரிக்காவின் கெண்டக்கிப் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஹர்ஸ்டு என்ற இயற்பியலறிஞர், வரைபடத் தாள்களிலிருந்து அளவுகளை விரைவாகப் படித்தெடுக்க ஒரு கருவி செய்தார். இதுவே மின்தடைத் தொடுதிரைக்கு வித்து. இதன் தத்துவம் பள்ளி மாணவரும் அறிந்தது. கடத்தும் படலம் ஒன்றின் இரு ஓரங்களுக்கிடையே 5 வோல்ட்டு கொடுங்கள். ஐந்தில் இரண்டு பங்கு தூரத்தில் தொட்டால், அங்கே மின்னழுத்தம் 2 வோல்ட்டு. அளந்த வோல்ட்டே இடத்தைச் சொல்லிவிடுகிறது.

இன்றைய கைப்பேசிகளில் இருப்பதோ மின்தேக்குத் திரை. நம் உடல் உப்புநீர் நிறைந்த கடத்தி. விரல் கண்ணாடியை நெருங்கும்போது அடியில் உள்ள நுண்கம்பிகளின் மின்தேக்குதிறன் மிகச் சிறிதளவு மாறுகிறது. சில்லு அதை அளந்து இடத்தை அறிகிறது. அழுத்தம் தேவையில்லை. ஆனால் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே சமையலறையில் ஈரக்கையோடு தொட்டால் திரை தடுமாறலாம். தடித்த கையுறையையும் அது அறியாது.

வீட்டுக்குள் தொடுதிரை 1980-களிலேயே வந்துவிட்டது என்றாலும், செல்வந்தர் வீட்டுச் சுவர்களோடு நின்றது. 2007-இல் ஐபோனும், 2010-இல் ஐபேடும் வந்தபின் கண்ணாடித் திரை கோடிக்கணக்கில் உற்பத்தியாகி விலை சரிந்தது. பிறகே அது நடுத்தரக் குடும்பத்தின் சுவரை எட்டிப் பார்த்தது.

கண்ணாடி கற்பித்த பாடம்

கண்ணாடியில் மேடு பள்ளம் இல்லை. விரல் எந்தப் பொத்தானின் மேல் இருக்கிறது என்பதை விரலே அறியாது. கண்தான் அறிய வேண்டும். முன்னர்க் கூறிய மூன்று சாட்சிகளில் இரண்டு இங்கே ஓய்வெடுக்கின்றன. பார்வையற்றவர்க்கு இது எவ்வளவு பெரிய தடை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவின் பியூக் நிறுவனம் 1986-இல் தன் ரிவியெரா காரில் ஒரு தொடுதிரையைப் பொருத்தி, வானொலியையும் குளிர்சாதனத்தையும் அதிலிருந்தே இயக்க வைத்தது. ஓட்டுநர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்க வேண்டியிருக்கிறது என்ற குறை எழுந்தது. சில ஆண்டுகளில் திரை கைவிடப்பட்டது.

இதைவிடக் கொடிய நிகழ்ச்சி கடலில் நடந்தது. 2017 ஆகஸ்டு 21 அன்று, அமெரிக்கக் கடற்படையின் ‘ஜான் எஸ். மெக்கெயின்’ என்னும் போர்க்கப்பல் சிங்கப்பூர் நீரிணையை நெருங்கும் வழியில் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. 10 மாலுமிகள் இறந்தனர். கப்பலின் சுக்கானையும் வேகத்தையும் தொடுதிரை வழியே இயக்கும் அமைப்பு அதில் இருந்தது. கட்டுப்பாடு ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்கு மாறிவிட்டதை உணராமல், சுக்கான் செயலிழந்துவிட்டது என்று மாலுமிகள் எண்ணினர். இரண்டு உந்திகளின் வேகத்தையும் ஒருசேரக் குறைப்பதாக எண்ணி ஒன்றின் வேகத்தை மட்டும் குறைத்தனர். கப்பல் திரும்பிவிட்டது. பயிற்சிக் குறைவும் மேற்பார்வைக் குறைவும் காரணங்கள். எனினும் தொடுதிரை அமைப்பின் வடிவம் தவறு நேரும் வாய்ப்பைக் கூட்டியது என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019-இல் கூறியது. அதே ஆண்டில், இத்தகைய கப்பல்களில் மீண்டும் கையால் பிடித்துத் தள்ளும் நெம்புகோல்களையே வைக்கப்போவதாகக் கடற்படை அறிவித்தது.

நெம்புகோல் இருந்திருந்தால், அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறையில் உள்ள எவரும் ஒரே பார்வையில் கண்டிருப்பர். பொருளின் நிலையே செய்தியாகிறது. சுவரில் உள்ள சிறு சுவிட்சும் இதையேதான் செய்கிறது.

மூளை எங்கே இருக்கிறது?

வீட்டைப் பொறுத்தவரை இன்னொரு கேள்வியும் உண்டு. கட்டளையை நிறைவேற்றும் மூளை உங்கள் வீட்டில் இருக்கிறதா, அல்லது எங்கோ தொலைவில் ஒரு நிறுவனத்தின் கணிப்பொறியில் இருக்கிறதா?

ரிவால்வ் என்ற நிறுவனம் வீட்டுச் சாதனங்களை ஒருங்கிணைக்கும் ஒரு மையக் கருவியை விற்றது. 2014-இல் அதை நெஸ்டு நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதம் அதன் சேவை நிறுத்தப்பட்டது. கருவி கெடவில்லை, ஆனால் அன்று முதல் அது வெறும் பெட்டி. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் கணிப்பொறிகள் முன்னறிவிப்பின்றி நின்றன. தொலைவிலிருந்து வீட்டை இயக்கிவந்தோர் திகைத்தனர். ஆயினும் அந்நிறுவனத்தின் சுவர்ச் சுவிட்சுகள் கையால் அழுத்தினால் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. சில வாரங்களுக்குப் பின் பயனாளர் சிலரே சேர்ந்து அதை வாங்கி மீண்டும் இயக்கினர். சுவரில் பொத்தான் இருந்தவர் தப்பினார் என்பதே இதன் சுருக்கம்.

சுவருக்குள் போகும் செப்புக் கம்பி 30, 40 ஆண்டுகள் உழைக்கும். திரைக்குள் இருக்கும் மென்பொருளுக்கு நிறுவனம் சில ஆண்டுகளே ஆதரவு தரும். வீடோ பேரப்பிள்ளைகள் காலம் வரை நிற்க வேண்டியது.

எதைத் தேர்வது?

இவ்வரலாற்றிலிருந்து பெறும் முடிவுகளைத் தொகுத்துக் காண்போம்.

முதலாவது, ஒரு நாளில் பல முறை செய்வதும், இருட்டிலும் அவசரத்திலும் செய்ய வேண்டியதுமான வேலைகளுக்குச் சுவரில் கம்பியோடு கூடிய பொத்தானே ஏற்றது. விளக்கு, மின்விசிறி, அழைப்பு மணி, மாடிப்படியின் இருவழிச் சுவிட்சு ஆகியவை இவ்வகை. வீட்டு முதியவரும், ஐந்து வயதுக் குழந்தையும், நேற்று வந்த விருந்தினரும் விளக்கம் கேட்காமல் அவற்றை இயக்க வேண்டும்.

இரண்டாவது, எண்ணிக்கை மிகுந்து எப்போதாவது மட்டும் செய்யும் வேலைகளுக்குத் தொடுதிரை சிறந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் நேரத்தை மாற்றுவது, மேல்நிலைத் தொட்டியின் அளவைப் பார்ப்பது, வாயிற் கேமராவைக் காண்பது, மாத மின்செலவைப் படிப்பது போன்றவற்றுக்குப் பொத்தான் வைக்க முடியாது. திரை இங்கே கை அல்ல, கண்.

மூன்றாவது, செலவு. சுவர்ச் சுவிட்சு தனக்கென்று மின்சாரம் எதுவும் எடுப்பதில்லை. திரை எந்நேரமும் விழித்திருக்கும். அது 5 வாட்டு எடுப்பதாக வைத்துக்கொண்டால், ஓராண்டில் ஏறத்தாழ 44 யூனிட்டு. பெரிய தொகையன்று, ஆனால் நான்கு அறையில் நான்கு திரை என்றால் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான்காவது, கம்பி. மின்னணுச் சுவிட்சு தானும் விழித்திருக்கச் சிறிதளவு மின்னோட்டம் வேண்டும். சுவிட்சுப் பெட்டியில் நியூட்ரல் கம்பி இல்லாவிட்டால், அது அந்த மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே எடுக்க வேண்டியிருக்கும். அணைத்த பின்னும் எல்.இ.டி. விளக்கு மங்கலாக ஒளிர்வதும் சிமிட்டுவதும் இதனால்தான். நம் ஊர்ச் சுவிட்சுப் பலகைகளில் பெரும்பாலும் பிளக்குக்குரிய துளைகளும் சேர்ந்தே இருப்பதால் நியூட்ரல் கம்பி அங்கே வந்திருக்கும். ஆயினும் ஒற்றைச் சுவிட்சு மட்டும் உள்ள இடங்களில் கேட்டு உறுதிசெய்யுங்கள். பூச்சு வேலைக்கு முன் எல்லாப் பெட்டிகளுக்கும் நியூட்ரல் இழுத்துவிடுங்கள். ஆழமான பெட்டிகளைப் பதியுங்கள். செய்திக் கம்பிக்கென்று ஒரு வெற்றுக் குழாயையும் மின்சாரக் குழாயினின்று தனியே விட்டுவையுங்கள். அன்று ஆகும் செலவு சிறிது. பின்னர்ச் சுவரை உடைக்கும் செலவு பெரிது.

ஐந்தாவது, கடைக்காரரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இணையம் நின்றால் இது வேலை செய்யுமா? மின்தடைக்குப் பின் மின்சாரம் திரும்பும்போது எந்த நிலையில் விழிக்கும்? உங்கள் நிறுவனம் இல்லாமற்போனால் வேறு நிறுவனத்தின் கருவியை இதே கம்பியில் பொருத்த முடியுமா? மூன்றுக்கும் தெளிவான விடை இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

ஆறாவது, எந்தத் தானியங்கி முறையை அமைத்தாலும், அது முற்றிலும் செயலிழந்த நாளிலும் விளக்கை எரிக்கவும் கதவைத் திறக்கவும் கையால் இயங்கும் ஒரு வழி இருக்கட்டும். கதவுப் பூட்டுக்கு இது இன்றியமையாதது.

ஆகவே சுவிட்சா, திரையா என்று ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ள வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் தான் பிறந்த காரணத்துக்காகவே பயன்படும்போது சிறக்கிறது. ஆயிரம் பொத்தானுக்கு இடமில்லாதபோது செர்ன் அறிஞர்கள் திரையை நாடினார்கள். ஒரே ஒரு நெம்புகோல் போதுமான இடத்தில் திரையை வைத்த கடற்படை நெம்புகோலுக்குத் திரும்பியது. உங்கள் வீட்டு அறை ஒவ்வொன்றிலும் நின்று, இங்கே எத்தனை பொத்தான் தேவை, யார் அழுத்துவார்கள், எந்நேரத்தில் அழுத்துவார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எலெக்ட்ரீஷியன் சுவரைக் கொத்தத் தொடங்குமுன் அந்தத் தாள் அவர் கையில் இருக்கட்டும்.